நாற்பதாவது கோடு

நம் வயதுக்காரர்கள் இப்போது சந்தித்துக்கொண்டால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், பிறகு சர்க்கரை, பிறகுதான் பிள்ளைகள். போன வாரம் கூடியபோது நம்மில் ஒருத்தி இருமல் மருந்தை மூடியில் ஊற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையை நீட்டிப் பார்த்து, சுருக்கிப் பார்த்து, கடைசியில் “ஏதோ ஒண்ணு” என்று வாயில் கவிழ்த்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நான் மட்டும் உம்மென்று இருந்தேன் என்று கோபம் வேறு. மருந்து அளக்கிற விஷயத்தில் எனக்கு உடனே சிரிப்பு வராது. முப்பது வருஷம் போனால் வரும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மராத்தி பேசுகிற கட்கியில், வெடிகுண்டு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். காலையில் ஒரு போங்கா ஊதும், சாயங்காலம் ஒரு போங்கா ஊதும். அந்த இரண்டு சங்குக்கும் நடுவில் அப்பாக்கள் எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள். என் அப்பா அங்கே பரிசோதனைப் பிரிவில் இருந்தார். கடைந்து வரும் உலோகத் துண்டுகளை அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சாயம் தடவி ஒதுக்கி வைப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷம் அதையே செய்தவர் வீட்டுக்கு வந்ததும் மட்டும் சும்மா இருப்பாரா? எனக்கு வாங்கிய மர ஸ்கேலைத் தன் எஃகு ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்து, முப்பது சென்டிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் குறைகிறது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். கடையில் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பூமி அந்த அரை மில்லிமீட்டராவது எனக்காகப் பிளந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு அளவு என்றால் கைதான். உப்பு கை, அரிசி கை, என் ஜுரம் கூட புறங்கை. இருவரும் ஆரணிப் பக்கம். இவ்வளவு வித்தியாசமான இரண்டு பேரை ஒரே பந்தலில் உட்காரவைத்த பெரியவர்கள் எதை அளந்து பார்த்தார்களோ தெரியவில்லை.

நான் ஏழாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதில் வீட்டில் தம்பி பிறப்பது எவ்வளவு பெரிய மானக்கேடு என்று உங்களுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடமும் மூச்சு விடவில்லை. ஜூலை மாதம் ஒரு நாள் நோட்டு வாங்க ஒருத்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். கட்கி மழையில் எதுவும் வெளியே காயாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி இருபது தூளித்துணிகள், கீழே மண்ணெண்ணெய் ஸ்டவ், மேலே ஈரப் புகை. எதிர்வீட்டுத் துணி, அவர்கள் வீட்டில் இடமில்லை என்று சொன்னேன். அதே நிமிஷம் உள்ளே இருந்து அவன் வீல் என்றான். எதிர்வீட்டுக் குழந்தையும் இங்கேதான் காய்கிறதா என்று அவள் கேட்டாள்.

தம்பி பிறக்கும்போதே சின்னது. மூன்று மாதத்தில் நாலு கிலோதான் தேறியிருந்தான். பால் குடிக்கும்போது நெற்றியில் வேர்க்கும், பாதியில் களைத்துத் தூங்கிவிடுவான். டாக்டரம்மா குழாயை மார்பில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இதயத்தில் சின்ன ஓட்டை இருக்கிறது, பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், அதுவரைக்கும் இதயத்துக்குத் துணையாக ஒரு மருந்து வேண்டும் என்றார். காலையில் பாயிண்ட் நாலு எம்.எல்., மாலையில் பாயிண்ட் நாலு எம்.எல். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு அப்பாவை நேராகப் பார்த்து, “கம் நஹீ. ஜ்யாதா தோ பில்குல் நஹீ” என்றார். குறையக் கூடாது, கூடவே கூடாது. கூடினால் துடிப்பே குறைந்துபோகும், அப்புறம் என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பயனில்லை என்பதையும் சொல்லிவிட்டார்.

அம்மா அழுதாள். அப்பாவும் கலங்கித்தான் போனார், ஆனால் உள்ளூர ஒரு மிடுக்கும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக ஃபாக்டரிக்கு வெளியே ஒரு ஆள் அவரிடம் தசமப் புள்ளி வைத்துப் பேசியிருந்தார்.

மருந்து குட்டி பாட்டில். எலுமிச்சை மிட்டாய் வாசனை. அதோடு வந்த மூடியில் இருந்ததிலேயே சின்னக் கோடு இரண்டரை எம்.எல். அப்பா அந்த மூடியைக் கவிழ்த்துப் பார்த்து, மூக்கால் சிரித்து, ஜன்னலில் வைத்துவிட்டார். மறுபடி வெளியே போய் ஒரு ஸிரிஞ்ச் வாங்கிவந்தார். ஊசி இல்லாமல் வெறும் குழாய். பத்து எம்.எல். என் முழங்கை நீளம் என்று சொன்னால் மிகைதான், ஆனால் எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஏன் இவ்வளவு பெரிசு என்று அம்மா கேட்டதற்கு, பெரிய ஸ்கேலில் கோடு பளிச்சென்று தெரியும், தப்பே வராது என்று விளக்கம்.

முதலில் தண்ணீரில் ஒத்திகை. அதில் ஒரு கோட்டுக்கு அரை எம்.எல். நமக்கு வேண்டியதோ முதல் கோட்டுக்கும் கொஞ்சம் கீழே. எவ்வளவு கீழே? ‘கொஞ்சம்’ என்ற வார்த்தையை அப்பா அதுவரை என் ரேங்க் கார்டைப் பார்க்கும்போது மட்டும்தான் பயன்படுத்தியிருந்தார். குழாய்க்குள் இருந்த கறுப்பு ரப்பரின் தடிமனே அந்தக் கோட்டு இடைவெளியைவிடப் பெரிசு. அழுத்தினால் பிஸ்டன் முதலில் நகரவே நகராது, அப்புறம் ஒரேயடியாகப் பாயும். மூன்றாவது ஒத்திகையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய்க் காலண்டர் முருகன் முகத்தில் அடித்தது. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு, மழையில், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த நர்ஸம்மா அந்தப் பத்து எம்.எல்.லைப் பார்த்துவிட்டு, வீட்டில் எருமை வளர்க்கிறீர்களா என்று ஹிந்தியில் கேட்டாளாம். அளவு சின்னதென்றால் குழாயும் சின்னதாக இருக்கவேண்டும் என்று சொல்லி, இரண்டு எம்.எல். ஸிரிஞ்ச் ஒன்று கொடுத்தனுப்பினாள். அதில் ஒரு கோட்டுக்குப் பாயிண்ட் ஒன்று. நாலு கோடு வந்தால் நம் அளவு. ஒரு பச்சைக் குழந்தைக்குக் கூடப் புரியும். ஆனால் எங்கள் வீட்டில் பெரிய மனிதர்கள் இருந்தார்களே.

ஃபாக்டரியில் ஒரு வழக்கம். ஒருத்தர் அளப்பார், இன்னொருத்தர் திரும்ப அளப்பார், மூன்றாவது ஆள் முத்திரை போடுவார். மூன்று கை படாமல் எதுவும் கேட்டைத் தாண்டாது. அங்கே தப்பானால் எங்கோ எல்லையில் ஒருத்தன் கையில் வெடிக்கும். அதனால் அந்த வழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். அது எங்கள் கூடத்துக்குள் வந்ததைத்தான் கேலி செய்கிறேன். மேல் மாடியில் சார்ஜ்மேன் மாமா இருந்தார், வேலூர்க்காரர், அப்பாவுக்கு மேலதிகாரி. எதிர்வீட்டில் மராத்திக்காரர், நாங்கள் காகா என்று கூப்பிடுவோம், முத்திரை போடும் ஆள். முத்திரை போட்டுப் போட்டு அவர் வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்தான் இருந்தது. “பரோபர் ஆஹே.” சரியாக இருக்கிறது. சாம்பார் கொடுத்தாலும் பரோபர் ஆஹே, மழை பெய்தாலும் பரோபர் ஆஹே.

இருவரையும் அப்பா கேட்டுக்கொண்டார். அவர்களும் தயங்கவில்லை. சாயங்கால போங்கா ஊதிக் கால்மணி நேரத்தில் மூன்று பேரும் யூனிஃபார்ம் மாற்றாமலேயே எங்கள் கூடத்தில் ஆஜர். மெஷின் எண்ணெய் வாசனையும் ஈரக் குடை வாசனையும் உள்ளே வரும். டிரங்குப் பெட்டியை நடுவில் இழுத்து, அதன்மேல் விளக்கை வைத்து, அப்பா மருந்தை உறிஞ்சுவார். குமிழி இருந்தால் சுண்டுவார். பிறகு மூன்று பேரும் டிரங்குப் பெட்டிக்கு முன் வரிசையாக மண்டியிடுவார்கள். கண் கோட்டுக்கு நேர் மட்டத்தில் இருக்கவேண்டுமாம். வாசலில் போகிறவர்கள் நாங்கள் மதம் மாறிவிட்டதாக நினைத்திருக்கலாம்.

ரப்பரில் இரண்டு வளையம் இருந்தது. எந்த வளையம் கோட்டில் நிற்கவேண்டும் என்று முதல் வாரம் முழுக்கப் பஞ்சாயத்து. மேல் வளையம் என்று மாமா, கீழ் வளையம் என்று அப்பா, கடைசியில் மருந்தைத் தொடுகிற விளிம்புதான் என்று காகா தீர்த்து வைத்தார். பிறகு என் பழைய பூகோள நோட்டில் தேதி, நேரம், அளவு, மூன்று கையெழுத்து. அப்புறம்தான் அம்மா வாயைத் திறப்பாள், அதாவது தம்பி வாயை. காலை வேளையில் மூன்று பேரும் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து மண்டியிடுவார்கள்.

அம்மா ஒருநாள் கேட்டாள், காலையில் இவ்வளவு அவசரமாக இருக்கிறதே, நாலு கோடுதானே, நானே கொடுத்துவிடட்டுமா என்று. “உனக்கு எல்லாம் கைப்பதம். இது இன்னா சாம்பாரா?” என்றார் அப்பா. மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் நான்தான், அப்பாவின் கட்சி. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் ஒன்று போடலாம் போல இருக்கிறது.

ஆனாலும் மருந்து வேலை செய்தது. தம்பிக்கு வேர்ப்பது நின்றது. பால் முழுசாகக் குடித்தான். கன்னம் வந்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்து கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வகுப்பில் நானே எல்லாரிடமும் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

கணபதி பண்டிகைச் சமயத்தில் ஒரு சங்கடம். தினம் இரண்டு வேளை சுடுதண்ணீரில் கழுவியதிலும், அப்பா ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் நகத்தை நாலாவது கோட்டில் ஊன்றிப் பார்த்ததிலும், ஸிரிஞ்சில் அந்த இடத்து மை அழிந்துபோயிற்று. மேலே ‘1’, ‘2’ என்ற எண்கள் கல்வெட்டு மாதிரி பளிச்சென்று இருந்தன. கீழே முதல் ஐந்தாறு கோடுகள் இருந்த இடம் மொட்டை. பேனாவால் கோடு போட்டால் அடுத்த கழுவலில் போயிற்று. காகாவின் மனைவி நகச்சாயம் கொடுத்து உதவினாள். அந்தச் சிவப்புக் கோடு மூன்று கோட்டு அகலம். அப்பா அதை ஆயுளில் பார்த்த மிக மோசமான வேலை என்று சொல்லி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார், பிறகு மண்ணெண்ணெய் வாசனை போகும்வரை அந்த ஸிரிஞ்சை அம்மா மூன்று தடவை கழுவினாள்.

மறுநாள் சாயங்காலம் போங்கா ஊதியதும் அப்பா நேராகக் கடைக்குப் போனார். இரண்டு எம்.எல். தீர்ந்துவிட்டதாம். கடைக்காரர் வேறு ஒன்றை எடுத்து நீட்டினாராம், ஒன் எம்.எல்., ஏக்தம் பாரீக் என்று. ரொம்ப மெல்லிசு. அப்பா திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பென்சில் மாதிரி ஒரு குழாய், சிவப்பு மூடி, அதில் நெருக்கமாக எறும்பு வரிசை போலக் கோடுகள். ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்கள். கடைசி எண் நாற்பது. சின்னக் குழாய் என்று நர்ஸம்மா சொன்னாள் அல்லவா, இது அதைவிடச் சின்னது, அப்படியென்றால் அதைவிடச் சரியானது. நர்ஸம்மா சொன்னதில் தப்பே இல்லை. கேட்டவர்தான் ஃபாக்டரிக்காரர்.

கமிட்டி கூடியது. என் சயின்ஸ் பெட்டியில் இருந்த பூதக்கண்ணாடியை வாங்கி மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். இவ்வளவு நேர்த்தியான கோடு நம் ஃபாக்டரியில் கூட இல்லை என்று மாமா சொன்னார். கோட்டைப் பார்த்தார்கள், பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்று ஒருத்தர் கூடப் பார்க்கவில்லை. பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு. ஒரு எம்.எல். கொழா. பாயிண்ட் நாலுக்கு எத்தினாவது கோடு?”

நான் யோசிக்கக்கூட இல்லை. பள்ளிக்கூட லேபில் பார்த்த கண்ணாடிக் குழாயில் ஒரு எம்.எல்.லுக்கு நூறு கோடு. ஆகவே ஒரு கோடு நூற்றில் ஒன்று, ஆகவே பாயிண்ட் நாலு என்றால் நாற்பது. சபையில் எழுந்து நின்று சொன்னேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அப்பா மாமாவைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது. மாமா மட்டும் தாடையைச் சொறிந்தார். அப்படியென்றால் நூறு வரைக்கும் அல்லவா எண் இருக்கவேண்டும், இது ஏன் நாற்பதோடு நின்றுவிட்டது?

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதல் மார்க் வாங்குகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. “கொழந்தைங்களுக்குன்னே செஞ்சது மாமா. அதுக்கு மேல அதுங்களுக்குத் தேவைப்படாது இல்ல” என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் புளுகு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாமா தலையாட்டினார். நம் அளவுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே என்று அப்பா பூரித்தார். காகா பரோபர் ஆஹே என்றார்.

அப்பா நாற்பதாவது கோடு வரை மருந்தை இழுத்தார். மூன்று பேரும் மண்டியிட்டார்கள். மூன்று கையெழுத்தும் விழுந்தது. அப்பா ஸிரிஞ்சை எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். தம்பி மடியில் படுத்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தான். வெளியே கணபதிப் பந்தலில் ஆரத்திக்கு மணி அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அம்மா ஸிரிஞ்சைப் பார்த்தாள். “இன்னாங்க இது, இம்மாம்?” என்றாள்.

குழாய் ஒல்லி, அதனால் உயரமாகத் தெரிகிறது என்று அப்பா சொன்னார். அதே தண்ணீரை சொம்பில் ஊற்றினால் அடியில் கிடக்கும், ஊதுவத்திக் குழாயில் ஊற்றினால் மேலே வரும், அதுபோல என்று மாமா உதாரணம் கொடுத்தார். எனக்கே அந்த உதாரணம் ரொம்பப் பிடித்தது. சரியான உதாரணமும் கூட. அதுதான் கொடுமை, அன்று அந்தக் கூடத்தில் பேசப்பட்ட ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. நான் சொன்னதைத் தவிர.

அம்மா தம்பியைத் தூக்கி மார்போடு அணைத்து, அவன் வாய் யாருக்கும் எட்டாதபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“மொதல்ல அத்த பழசுல ஊத்திக் காட்டுங்க.”

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மேலதிகாரி எதிரில் பெண்டாட்டி முதுகைக் காட்டி நிற்கிறாள். மூன்று பேர் பார்த்தாயிற்று, கையெழுத்து ஆயிற்று, உன் பெண்ணே கணக்குப் போட்டுச் சொல்லியாயிற்று, பழசில் கோடே இல்லை, அதில் ஊற்றி என்ன தெரியப்போகிறது என்று அடுக்கினார். குரலை உயர்த்தவில்லை. நேரம் வேறு தாண்டிக்கொண்டிருந்தது. மருந்து தாமதமானால் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. அதையும் சொன்னார்.

“முப்பது பேர் பாத்தாலும் சரி. ஊத்திக் காட்டாம இவன் வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள் அம்மா. சுவரிடம்தான் சொன்னாள்.

எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. தசமப் புள்ளி தெரியாத ஒருத்தி என் கணக்கைச் சந்தேகப்படுகிறாள் என்ற எரிச்சல். கடைசியில் மாமாதான், அவங்க மனசு சமாதானம் ஆகட்டும் பா, ஊத்திக் காட்டிடு என்று பெரிய மனது பண்ணினார். நானே காட்டுகிறேன் என்று முன்னால் போனேன். அம்மாவுக்குப் பாடம் எடுக்கப்போகிறேன் என்ற நினைப்பு.

புதுக் குழாயில் இருந்ததைப் பால் புகட்டும் பாலாடையில் அழுத்தினேன். எலுமிச்சை வாசனை வந்தது. பழைய ஸிரிஞ்சின் மூக்கை அதில் வைத்து மெல்ல இழுத்தேன். ரப்பர் மேலே ஏறி அந்த மொட்டை இடத்துக்கு வந்தது. இங்கே நிற்கும் என்று நினைத்தேன். பாலாடையில் இன்னும் மருந்து இருந்தது. இழுத்தேன். மொட்டை இடத்தைத் தாண்டியது. இன்னும் இருந்தது. ஒரு சொட்டுகூட விடாமல் உறிஞ்சி முடித்தபோது ரப்பரின் விளிம்பு, அழியாமல் பளிச்சென்று இருந்த ‘1’ என்ற எண்ணின்மேல் நின்றது.

முழுசாக ஒரு எம்.எல்., கொடுக்கவேண்டியதைப்போல இரண்டரை மடங்கு.

ஸிரிஞ்சைக் கீழேயும் வைக்க முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. காகா என் கையிலிருந்து அதை வாங்கி விளக்கடியில் பிடித்தார். பிறகு புது ஸிரிஞ்சை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்து, பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் இன்சுலின் என்று இருந்தது. அந்தக் கோடுகள் நூற்றில் ஒரு பங்கு இல்லை, சர்க்கரைக்காரர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் யூனிட் கணக்கு. நாற்பது யூனிட் என்றால் ஒரு முழு எம்.எல். சொன்ன பரோபர் ஆஹேயைக் காகா திரும்ப வாங்கிக்கொண்ட ஒரே சாயங்காலம் அது. “அரே தேவா” என்று சொல்லிக்கொண்டே டிரங்குப் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாற்பது எனக்கு அப்போதே இடித்தது, நான்தான் கேட்டேனே என்றார் மாமா. சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். யாரையும் திட்டவில்லை. என்னையாவது திட்டியிருக்கலாம், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதினெட்டு வருஷத்தில் ஒரு தப்பான துண்டைக்கூட கேட்டைத் தாண்டவிடாதவர், தன் பிள்ளை வாய்க்கு அரை அடி தூரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். அப்புறம், சுவரைப் பார்த்து நின்ற அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அம்மா திரும்பினாள். அவள் ஜெயித்த முகத்தோடு திரும்புவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர்.

“கோடு கீடெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தெனம் என் மடியிலதான முழுங்குறான். அந்த மருந்து அவனுக்கு ஒரு முழுங்கு. இது மூணு முழுங்கு இருந்துச்சு.”

இரண்டு மாதமாக நாங்கள் நாலு பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தையின் தொண்டையைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தாகவேண்டும். பழசில் கோடு இல்லை, புதுசில் இருக்கிறது, அதன் மொழி இப்போது தெரியும். நாற்பது யூனிட் ஒரு எம்.எல். என்றால் பாயிண்ட் நாலுக்கு எவ்வளவு? அப்பா என்னைப் பார்த்தார். விடை எனக்குத் தெரியும். ஆனால் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவே நோட்டில் போட்டார். மாமா தனியாக ஒரு சிகரெட் அட்டையில் போட்டார். காகா விரலில் எண்ணினார். மூன்று பேருக்கும் பதினாறு வந்தது. எனக்கும் மனதுக்குள் பதினாறுதான். ஆனால் விடை ஒன்றாக வந்த சந்தோஷம் ஒருத்தர் முகத்திலும் இல்லை. ஏற்கெனவே ஒருதடவை எல்லாருக்கும் ஒரே விடை வந்திருந்தது.

அந்த ஓட்டை தம்பியின் இரண்டாவது வயதில் மூடிக்கொண்டது. இப்போது கட்கியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாணேரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறான், தொண்ணூறு கிலோ. அவனைக் குறைக்கச் சொல்லித்தான் டாக்டர்கள் இப்போது மன்றாடுகிறார்கள். அவனுக்கு இந்தக் கதை தெரியாது. நானாகச் சொன்னதில்லை. நாற்பது என்று எழுந்து நின்று சொன்னது யார் என்று அடுத்த கேள்வி கேட்பானே.

அன்று அப்பா பதினாறாவது கோடு வரை இழுத்தார். யாரும் மண்டியிடவில்லை. குழாயை விளக்கில் காட்டாமல் அம்மாவிடம் காட்டினார். அம்மா பார்த்தாள், தம்பியை மடியில் சாய்த்துக் கன்னத்தை லேசாக அழுத்தினாள். அவன் வாயைத் திறந்தான். அப்பா மெல்ல அழுத்தினார். வெளியே மணிச் சத்தம் நின்றிருந்தது, அல்லது எங்களுக்குக் கேட்கவில்லை. சார்ஜ்மேனும் முத்திரைக்காரரும் நானும் அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது ஒரு தடவை ஏறி இறங்கியது. இன்னொரு தடவை ஏறுமோ என்று காத்திருந்தோம். ஏறவில்லை. தம்பி உதட்டை நக்கிவிட்டுச் சிரித்தான்.

“ம்” என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.